முதுகலைச் சமூகப்பணி: அரசுப் பணிக்கு அது என்ன தரும், என்ன தராது

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்க வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, "எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சா கவர்மென்ட் வேலை கிடைக்குமா சார்?" என்பதுதான். நேராகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்கிற அரசுப் பணிகள் குறைவு. இந்தப் படிப்பு இருந்தால் நன்றாகச் செய்ய முடியும் என்கிற அரசுப் பணிகள் ஏராளம். இந்த வேறுபாடு தெரிந்து படிக்க வருகிறவர் இரண்டு ஆண்டுகளையும் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்வார். தெரியாமல் வருகிறவர் கையில் ஒரு சான்றிதழோடு, மற்ற எல்லாப் பட்டதாரிகளும் நிற்கும் அதே வரிசையில் போய் நிற்பார்.

எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். இந்தியாவில் இப்படிப்பு 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரிலான பள்ளியில் தொடங்கியது. 1944 முதல் அதுவே டாடா சமூக அறிவியல் நிறுவனம். பிரிவினை வந்தபோது குருக்ஷேத்திர அகதி முகாம்களுக்கு அங்கிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் போனார்கள். பாடத்தை அரசின் வேலையோடு சேர்த்துக் கற்பது அப்போதே தொடங்கிவிட்டது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இன்றும் எழும்பூரில் இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், மதுரை இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் கற்பிக்கிறார்கள்.

கல்லூரியின் பெயரைவிட அங்கே களப்பணி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை விட்டு ஒரு நிறுவனத்துக்கோ குடியிருப்புக்கோ போவதுதான் இப்படிப்பின் முதுகெலும்பு. சேருமுன் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கடைசியாக எங்கே அனுப்பினார்கள்? அங்கே அவரை மேற்பார்த்தது யார்? எழுதிக் கொடுத்த அறிக்கையை ஆசிரியர் திருத்தித் திருப்பிக் கொடுத்தாரா? மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால் வேறு கல்லூரி பார்ப்பது நல்லது. விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை பிடித்ததும், அலுவலகத்தில் விவரங்களைக் கணினியில் ஏற்றியதும், குழுப் புகைப்படமும்தான் களப்பணி என்று இருக்கிற இடங்கள் உண்டு. அங்கே இரண்டு ஆண்டு படித்தாலும் ஒரு வீட்டுக்குள் போய்ப் பேசத் தெரியாது.

இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பிரிவு தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மனிதவள மேலாண்மைக்குத்தான் கூட்டம் அதிகம். கம்பெனி வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசுப் பணியில் மக்களோடு இருப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் சமுதாய மேம்பாடு, குடும்பம் மற்றும் குழந்தை நலம், மருத்துவ மனநலச் சமூகப்பணி ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஒரு வாழ்க்கையை முடிவுசெய்யும் தாள்

அரசின் பல முடிவுகள், முடிவெடுப்பவர் நேரில் பார்க்காத மனிதர்களைப் பற்றியவை. நடுவருக்கும் ஆட்சியருக்கும் குழு உறுப்பினருக்கும் அந்த வீட்டுக்குப் போக நேரமில்லை. யாரோ ஒருவர் போய்ப் பார்த்து எழுதிய தாளை வைத்துத்தான் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். அந்த 'யாரோ ஒருவர்' ஆவதற்கான பயிற்சிதான் இந்தப் படிப்பு. மற்றவற்றை வேறு பட்டங்களிலும் பெறலாம். இதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்று இருக்கிற படிப்பு இது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் 16 வயதுப் பையன் கைப்பேசித் திருட்டு வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வருகிறான். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப்பணி உறுப்பினர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பையன் முதன்முதலாக ஆஜர்படுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அவர் இல்லாத இடத்தில் குழந்தை நல அலுவலரோ சமூகப்பணியாளரோ அதைச் செய்யலாம். மத்திய அரசின் மாதிரி விதிகளில் இதற்குத் தனிப் படிவமே இருக்கிறது.

படிவத்தை நிரப்புவது கடினமில்லை. "குடும்பச் சூழல்: சரியில்லை. தாயின் கவனிப்பு: போதாது. நண்பர்கள்: கூடா நட்பு." எழுதி முடித்துவிடலாம். இதைப் படிக்கிற குழுமம் என்ன நினைக்கும்? வீட்டுக்கு அனுப்பினால் பையன் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்பான் என்று நினைக்கும். அறிவுரை கூறி அனுப்புவதிலிருந்து, குழு ஆற்றுப்படுத்தல், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுதல், சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை வைத்தல் என்று பல வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. அந்த மூன்று வரிகள் அவர்களைக் கடைசி வழியை நோக்கித் தள்ளிவிடும்.

இப்போது பயிற்சி பெற்றவர் எழுதுவதைப் பாருங்கள். "தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புகிறார். தந்தை நான்கு ஆண்டுகளாக வீட்டில் இல்லை. பையன் ஒன்பதாம் வகுப்பில் நின்றான். சொந்த ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க முடியாததே காரணம் என்று தாயும், இங்குள்ள பள்ளியின் தலைமையாசிரியரும் தனித்தனியே சொன்னார்கள். அதே தெருவில் தாய்மாமன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தாய் வரும்வரை பையனைத் தன் கடையில் வைத்துக்கொள்ள எழுதிக் கொடுத்துள்ளார். சான்றிதழ் குறித்துப் பழைய பள்ளிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து கடிதம் போனால் பையன் இந்த மாதமே பள்ளியில் சேரலாம்."

அதே வீடு, அதே தாய், அதே பையன். ஆனால் இரண்டாவது அறிக்கை குழுமத்தின் கையில் ஒரு வழியைக் கொடுக்கிறது. எங்கே ஒரு கடிதம் போக வேண்டும், யார் பொறுப்பேற்கிறார், எந்த நேரத்தில் பையன் தனியாக இருக்கிறான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர் பையனுக்காக வாதாடவில்லை. அவர் செய்ததெல்லாம் கேட்டு, சரிபார்த்து, பெயரும் நேரமும் சேர்த்து எழுதியதுதான்.

இந்தக் கைத்திறனை முதல் பருவத்திலிருந்தே பழகுங்கள். நான் கண்ணால் பார்த்தது, பிறர் எனக்குச் சொன்னது, நானாக ஊகித்தது ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. சொன்னவர் யார் என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதுங்கள். முக்கியமான செய்தியை இரண்டு பேரிடமாவது தனித்தனியே கேளுங்கள். 'பொறுப்பற்ற', 'ஒழுக்கமற்ற', 'ஒத்துழைக்காத' போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்தச் சொல்லை எழுதத் தோன்றிய நிகழ்ச்சி என்னவோ அதை அந்த இடத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த நிகழ்ச்சிக்கு வேறு பொருள் இருப்பது அப்போதுதான் தெரியவரும். ஆய்வுக்கு இரண்டு முறை வரச் சொல்லியும் வராத தாயை 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதிவிடுவது சுலபம். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அவருடைய வாரக் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டீர்களா?

வீட்டுக்குப் போகும் நேரமும் இதைப் போலவே முக்கியம். அலுவலக நேரத்தில் போனால் அலுவலக நேரத்தில் வீட்டில் இருப்பவர்களைத்தான் பார்ப்பீர்கள்: வயதானவர், நோயாளி, பூட்டிய கதவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். வாசலில் நின்று குறிப்பேட்டைத் திறக்காதீர்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பையனிடம் தனியாகப் பேச ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே அறிக்கையில் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். தன்னைப் பற்றி அத்தனை பேர் எழுதும் கோப்பில் அவன் குரல் ஒரு வரியாவது இருக்கட்டும்.

எங்கெல்லாம் வேலை இருக்கிறது

தமிழ்நாட்டில் சமூகப் பாதுகாப்புத் துறை என்று நெடுங்காலம் அறியப்பட்டது, இன்று குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிறுவனம் சார்ந்த, சாராத பாதுகாப்பு அலுவலர்கள், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப்பணியாளர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள் உண்டு. இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 'சமூகப்பணியாளர்' பணிக்கு இளங்கலைப் பட்டமே போதும். தொகுப்பூதியம் மாதம் ₹18,536. முதுகலைக்கு மதிப்பு வருவது பாதுகாப்பு அலுவலர் பணியில், அதற்கு ₹27,804. பெயரைப் பார்த்து முதல் பணிக்கு விண்ணப்பித்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிற பணி எதுவோ அதற்கு விண்ணப்பியுங்கள்.

இவை ஒப்பந்தப் பணிகள். ஓய்வூதியமில்லை, ஆண்டுதோறும் புதுப்பிப்பு, திட்டம் மாறினால் பெயரும் விதியும் மாறும். ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வாத்சல்யாவாக மாறியதையும், 1098 உதவி எண் 2023-இல் அரசின் கைக்கு வந்ததையும் இங்கே வேலை செய்தவர்கள் தங்கள் சம்பளத்திலும் பணியிடத்திலும் உணர்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் வாழ்வை முடிவுசெய்யும் அறிக்கையை எழுதுபவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் இருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. நிலைமை மாறும்வரை, குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் இதை இரண்டு, மூன்று ஆண்டுப் பயிற்சிக் களமாக எடுத்துக்கொண்டு, கூடவே நிரந்தரப் பணிக்கான தேர்வுகளையும் எழுதுவது நல்லது. அந்த அனுபவம் பிறகும் கணக்கில் வரும். குழந்தைகள் நலக்குழு உறுப்பினராவதற்குக் குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி ஆகியவற்றில் 7 ஆண்டு ஈடுபாட்டை இளைஞர் நீதிச் சட்டம் ஒரு தகுதியாக ஏற்கிறது.

மருத்துவமனைப் பக்கம் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2014-ஆம் ஆண்டு விதிகள் அப்பணிக்கு ஏற்ற தகுதிகளில் முதுகலைச் சமூகப்பணியையும் குறிப்பிடுகின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு பேசுவதைவிடக் கடினமான உரையாடல் மருத்துவமனையில் இல்லை. உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, இறந்துவிட்டார் என்கிறார்கள். அந்த நேரத்தில் தானம் கேட்கப் போகிறவராக நீங்கள் அறைக்குள் நுழையக் கூடாது. முதலில் அவர்களுக்கு நடந்தது என்ன என்று புரியும்வரை கூட இருக்க வேண்டும், 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று நம்ப வேண்டும். விபத்தில் மகனை இழந்த தாய்க்குப் பக்கத்தில் பேசாமல் உட்காரக் கற்றவர்தான் இந்தப் பணிக்குத் தகுந்தவர். உறுப்புதானத்தில் தமிழ்நாட்டுக்கு நாடு முழுக்க இருக்கும் நல்ல பெயருக்குப் பின்னால் இந்த ஒருங்கிணைப்பாளர்களின் உழைப்பு இருக்கிறது. 2023 முதல் உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது.

மனநலத்தில் போக விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநலச் சமூகப்பணியாளர்' என்று ஏற்பதற்கு முதுகலைச் சமூகப்பணியோடு, மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர்பெற்ற இடம். எம்.ஃபில். பட்டம் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் மாறிவருவதால், சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு எந்தப் பெயரில், எந்த அங்கீகாரத்தோடு நடக்கிறது என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெண்கள் பாதுகாப்பில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 181 உதவி எண், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படியான பாதுகாப்பு அலுவலர். எய்ட்ஸ் கட்டுப்பாட்டில் நம்பிக்கை மைய ஆலோசகர். சிறைத்துறையில் நன்னடத்தை அலுவலர். ஊரக வாழ்வாதாரத்தில் மகளிர் திட்டம். 1989-இல் தர்மபுரியில் சர்வதேச நிதியுதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள்தான் பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. அந்தப் பணியில் சேருபவர் குழுப்பணிப் பாடத்தை மறக்க முடியாது.

குடிமைப் பணித் தேர்வு எழுதுபவருக்கு

ஆட்சிப்பணிதான் கனவு என்று வருகிறவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகப்பணி இல்லை. சமூகவியல் இருக்கிறது, மானுடவியல், உளவியல், பொது நிர்வாகம் இருக்கின்றன. சமூகவியல்தான் உங்கள் பாடத்துக்கு மிக அருகில். தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். பொதுப் பிரிவினருக்கு 32 வயது, ஆறு வாய்ப்பு. ஆகவே தேர்வு ஒன்றே குறி என்றால் இந்த இரண்டு ஆண்டுகளை இங்கே செலவிட வேண்டாம்.

ஆனால் தேர்ச்சி பெற்ற பிறகு எப்படிப்பட்ட அதிகாரியாக இருக்கப்போகிறீர்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தப் படிப்பு தரும் பதிலை நான் மதிக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். குழந்தைகள் இல்லங்களை ஆய்வு செய்வதும் அவர் பொறுப்பு. வீட்டு ஆய்வறிக்கை எப்படி எழுதப்படுகிறது, எங்கே பொய்யும் சோம்பலும் புகும் என்று தெரிந்த ஆட்சியர் அந்தத் தாளை வேறு கண்ணால் படிப்பார்.

கிராம சபையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வந்தவர்களின் கையெழுத்தை எண்ணிக் கூட்டம் நிறைவடைந்தது என்று அறிக்கை அனுப்ப எந்த அலுவலராலும் முடியும். சமுதாய அமைப்பாக்கம் படித்த வட்டார வளர்ச்சி அலுவலர் வேறு சிலவற்றைக் கவனிப்பார். எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை? பெண்கள் எங்கே நின்றார்கள், யாராவது பேசினார்களா? கூட்டம் நடந்த இடம் கோயில் மண்டபமா, எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பள்ளி வளாகமா? அடுத்த முறை இடத்தை மாற்றிப் பார்ப்பார். வராத தெருவுக்கு முந்தின நாள் மாலையில் தானே போவார். கிராம முகாமில் ஒரு வாரம் தங்கி, சமூக வரைபடம் போடும்போது எந்த வீட்டைக் காட்டத் தயங்கினார்கள் என்று பார்த்தவருக்கு இது இயல்பாக வரும்.

யூ.பி.எஸ்.சி. அறநெறித் தாளுக்கு 250 மதிப்பெண். அதில் வரும் சூழல் கேள்விகளுக்கு, பயிற்சி மையத்துச் சொற்களை விட்டுவிட்டு, களத்தில் நீங்கள் எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். நேர்முகத்தில் களப்பணி பற்றித்தான் கேட்பார்கள். அங்கே புள்ளிவிவரம் ஒப்பிப்பதைவிட, ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை ஏன் கிடைக்கவில்லை, எந்த மேசையில் எந்த ஆவணத்துக்காக நின்றது என்று சொல்லத் தெரிந்தால் போதும். வாத்சல்யாவின் மாதம் ₹4,000 ஆதரவுத்தொகை ஒரு குழந்தைக்குத் தாமதமானது எதனால் என்று விளக்க முடிகிறவர் நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்திருக்கிறார் என்பது எதிரே இருப்பவர்களுக்குப் புரியும்.

கடைசிப் பருவம்

பட்டம் கைக்கு வருமுன் நான்கு சட்டங்களையாவது மூல வடிவில் படித்து முடித்திருங்கள்: இளைஞர் நீதிச் சட்டம், போக்சோ, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனநலப் பராமரிப்புச் சட்டம். கைடு வேண்டாம். எந்தப் பிரிவு யாருக்கு எத்தனை நாள் கெடு கொடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, கொண்டுவர வேண்டும் என்பதை நினைவிலிருந்து சொல்லத் தெரிந்த பயிற்சி மாணவரைக் காவல் நிலையத்தில் யாரும் வெளியே நிற்க வைக்க மாட்டார்கள்.

இறுதியில் வரும் ஒரு மாதத் தொடர் களப்பணியை ஊருக்குப் பக்கம் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தத் துறையில் சேர எண்ணமோ அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றில் துறைத்தலைவரின் கடிதத்தோடு போனால் பல இடங்களில் அனுமதி கிடைக்கும். கடிதத்தைப் படிப்பு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இரண்டு ஆண்டில் எழுதியவற்றில் சிறந்த மூன்று அறிக்கைகளை எடுத்து வைத்திருங்கள். நேர்முகத்தில் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் பெயர், ஊர், பள்ளி, பெற்றோரின் தொழில், வழக்கு எண் என ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். கல்லூரியில் கொடுத்த பிரதியையும் திரும்ப வாங்கி, களப்பணி நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடு மட்டும் உங்கள் கோப்பில் சேருங்கள்.